ஆச்சி பதில்கள்: துணி நிக்கணும், மெஷின் ஓடணும்

போன மாசம் எங்க வீட்டு வளவுல கெடக்குற லாங்ஆர்ம் மெஷினைப் பத்தி சும்மா நாலு வரி எழுதி வச்சேன், அவ்வளவுதான், கடுதாசியும் வாட்ஸப்புமா வந்து குமிஞ்சிருச்சு. அதுல பாதி "அது என்ன மெஷினு ஆச்சி, கட்டில் மாதிரி இருக்கு"ங்கிற கேள்வி. தெரியாதவுகளுக்கு ஒரு மூச்சுல சொல்லிடுறேன். குவில்ட்னா மூணு அடுக்கு: மேல துண்டு துண்டா சேர்த்துத் தச்ச மேல்துணி, நடுவுல தகடு மாதிரி பஞ்சு, கீழ அடித்துணி. இந்த மூணும் நழுவாம சேர்த்து ஓட்டுற தையல்தான் குவில்டிங். அத சாதா தையல் மெஷின்ல செய்யணும்னா மொத்தப் போர்வையையும் சுருட்டி அந்தச் சின்னக் கழுத்துக்குள்ள திணிச்சு மல்லுக்கட்டணும். லாங்ஆர்ம்ல அந்தக் கழுத்து 16 இன்ச்லேருந்து 30 இன்ச் வரைக்கும் நீளம், துணிய 10 அடி 12 அடி பிரேம்ல உருளையில சுத்தி வச்சிருவோம், மெஷின் தலை சக்கரத்து மேல நாலாபக்கமும் ஓடும். பஞ்சுத் தகட்டுக்கு இங்கிலீஷ்ல 'பேட்டிங்'னு பேரு, என் பேரன் ஒவ்வொரு தடவையும் "ஆயா, யாரு பவுலிங்"னு கேக்குறான். இந்த மாசம் முழுக்க இந்த விஷயம்தான்.

ஆச்சி, நான் 20 வருஷமா பிளவுஸ் தைக்கிறேன். இப்ப மக வீட்டுக்கு டெக்சாஸ் வந்திருக்கேன். இங்க ஒரு கடையில கிளாஸ் முடிச்சா மணிக்கணக்குக்கு லாங்ஆர்ம் வாடகைக்கு விடுறாக. அடுத்த வாரம் மொத தடவையா உக்காரப் போறேன், பயமா இருக்கு. மொதல்ல எதக் கத்துக்கணும்?
– கோட்டையூர் வாசகி

ஆத்தா, மொதல்ல ஒண்ணு, உக்காரப் போறதில்ல, நிக்கப் போறீக. நல்ல செருப்பு போட்டுட்டுப் போங்க. உக்காந்து ஓட்டுற வகையும் இருக்கு, ஆனா அதுல துணியத்தான் நகத்தணும், நீங்க சொல்றது பிரேம் போட்டது.

உங்க 20 வருஷ அனுபவம் இருக்கே, அதுதான் மொத நாளு குறுக்க வரும். நம்ம மெஷின்ல பல்லு துணிய இழுக்கும், கை வழிகாட்டும், ஊசி ஒரே எடத்துல நிக்கும். இங்க பல்லே கெடையாது, துணி அசையாது, ஊசிதான் ஊரெல்லாம் சுத்தும். பென்சில புடிச்சுக்கிட்டு பேப்பர நகத்தி எழுதுனா எப்படியோ அப்படித்தான் நாம இவ்வளவு நாளா தச்சிருக்கோம், இதுல பென்சிலே நகருது. ஹூஸ்டன்ல வருஷா வருஷம் நடக்குற குவில்ட் திருவிழாவுல நான் மொத மொத ஒரு மெஷின் முன்னால நின்னப்ப, மக என்னைய பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற வழியிலதான் அங்க எறக்கி விட்டிருந்தா, பட்டுச்சீலையோட நிக்கிறேன், கை தன்னால துணியப் புடிச்சு இழுக்கப் போகுது. சொல்லிக்குடுத்த அம்மா சிரிச்சுக்கிட்டே என் ரெண்டு கையையும் எடுத்து கைப்புடியில வச்சாக. அப்புறமும் ரெண்டு தடவை இழுத்தேன்.

ஆனா ஓட்டுறது ரெண்டாவது. மொதல்ல கத்துக்க வேண்டியது துணி ஏத்துறது, கிளாஸ்ல அத அரை மணி நேரத்துல காட்டிட்டு அடுத்ததுக்குப் போயிருவாக, விடாதீக. திருப்பித் திருப்பிக் கேளுங்க. நான் பாத்தவரைக்கும் மொத மாசம் அழுதவுகள்ல பத்துல எட்டு பேரு துணி ஏத்துனதுல கோட்டை விட்டவுகதான், கை நடுக்கத்தால இல்ல.

எப்படின்னா, உருளையில ஏற்கனவே கித்தான் மாதிரி ஒரு கெட்டித்துணி ஒட்டியிருக்கும், அதுக்கு லீடர்னு பேரு. லீடர்ல நடு எதுன்னு கோடு போட்டிருக்கும், இல்லாட்டி நீங்க அளந்து போடுங்க. அடித்துணிக்கும் நடுவப் புடிச்சு, நடுவும் நடுவும் பொருந்த ஒரு ஊசி குத்தி, அப்புறம் அங்கிட்டும் இங்கிட்டுமா ஓரத்துக்குப் போங்க. ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு மறு ஓரத்துக்குக் குத்திக்கிட்டே போனா துணி இழுபட்டு கடைசியில கோணிக்கும். அடித்துணியோட நல்ல பக்கம் தரையப் பாத்து இருக்கணும். மேல் ஓரத்த ஒரு உருளையில, கீழ் ஓரத்த இன்னொண்ணுல. அது மேல பஞ்சத் தொங்க விட்டு, குறுக்க நேரா ஒரு தையல் ஓட்டிட்டு, அந்தத் தையலுக்கு ஒட்டுனாப்புல மேல்துணிய வச்சு ஓரம் புடிச்சுத் தைக்கணும். பக்கத்துல ரெண்டு கிளிப்பு வச்சு இழுத்து நிறுத்துவாக.

அளவு முக்கியம். அடித்துணியும் பஞ்சும் மேல்துணியவிட நாலு பக்கமும் 4 இன்ச் கூட இருக்கணும். போர்வை 60க்கு 80ன்னா அடித்துணி 68க்கு 88. "எதுக்கு இம்புட்டு வேஸ்ட்"னு எனக்கும் தோணுச்சு, நம்ம கை அப்படி, ஒரு துண்டு துணிய வீசமாட்டோம்ல. அதனால என் மொத குவில்ட்டுக்கு ரெண்டு இன்ச்தான் விட்டேன். மேல ரெண்டு நாளா நல்லாத்தான் போச்சு. கடைசி உருட்டு உருட்டுறேன், அடித்துணி முடிஞ்சு லீடர் தெரியுது, மேல்துணி இன்னும் மூணு இன்ச் தொங்குது. ஓட்ட ஓட்ட மேல்துணி கொஞ்சம் கொஞ்சமா முன்னால தள்ளிக்கிட்டே வந்திருக்கு, நான் பாக்கல. அந்த மூணு இன்ச்சுக்கு ஒட்டுப் போட்டு கையால தச்சேன், இப்பவும் அந்தப் போர்வைய மடிச்சு வைக்கிறப்ப அந்த ஓரம் உள்ள போற மாதிரிதான் மடிப்பேன்.

துணிய எம்புட்டு இறுக்கணும்னா, மேளத்துத் தோல் மாதிரி இல்ல. அடியிலேருந்து ஒரு விரலால தூக்கிவிட்டு, மேலேருந்து இன்னொரு கையால அந்த விரல் நுனியப் புடிக்க முடியணும். புடிக்கவே முடியாம விண்ணுன்னு இருந்தா ஊசி வளையும், தையல் விட்டுப்போகும். தொளதொளன்னு கெடந்தா சுருக்கம் விழும்.

மொத நாளு மேல்துணி, கலர் இதெல்லாம் வேண்டாம். ரெண்டு மீட்டர் காடாத்துணி மேல, அதவிட 8 இன்ச் கூட காடாத்துணி கீழ, நடுவுல மலிவான பஞ்சு, நூல் மட்டும் கறுப்போ சேப்போ போடுங்க. தப்பு பளிச்சுன்னு தெரியணும்ல. அதுல உங்க பேரை எழுதுங்க, மக பேரை எழுதுங்க. பேரு எழுத வந்துட்டா வளைவு வந்துரும்.

வட்டம் போட்டா முட்டை மாதிரியும் பலகோணம் மாதிரியும் வருது. எனக்குக் கோலம் நல்லா வரும் ஆச்சி, மார்கழியில எங்க தெருவுல நான்தான் மொத. இதுல மட்டும் ஏன் வரமாட்டேங்குது?
– பள்ளத்தூர் வாசகி

கோலத்துல மணிக்கட்டும் விரலும் வேலை செய்யும். லாங்ஆர்ம்ல மணிக்கட்ட ஆட்டுனீகன்னா கெட்டுச்சு. தலை கனம், அது ஒரு தண்டவாளத்துல முன்ன பின்ன போகும், இன்னொண்ணுல பக்கவாட்டுல போகும், ரெண்டும் சேர்ந்தாத்தான் வளைவு. மெதுவா பயந்து பயந்து ஓட்டுனா அது ரெண்டுல ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து நிக்கும், அந்த எடம்தான் தட்டையாத் தெரியுது. கைப்புடிய மெதுவாப் புடிங்க, கழுத்த நெரிக்கிற மாதிரி புடிக்காதீக. முழங்கைய ஒடம்போட ஒட்டி, இடுப்போட சேர்ந்து ஆடுங்க, ஆட்டுக்கல்லுல குழவி சுத்துறப்ப ஒடம்பு எப்படி ஆடும், அந்த ஆட்டம். கொஞ்சம் வேகமாவும் போங்க. சைக்கிள் ரொம்ப மெதுவாப் போனா தள்ளாடுதுல்ல.

அப்படியும் ஒரே எடத்துல திக்குதுன்னா குனிஞ்சு சக்கரத்தப் பாருங்க. எனக்கு ஒரு வாரமா எல்லா வட்டத்துலயும் இடது பக்கம் ஒரு சின்ன உதறல், நான் என் கையத் திட்டிக்கிட்டே இருந்தேன், கடைசியில பாத்தா தண்டவாளத்துல அரை இன்ச் நூல் துண்டு ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு தடவையும் சக்கரம் அது மேல ஏறி எறங்கியிருக்கு. ஈரமில்லாத துணியால தெனமும் தொடைங்க.

கோலம் தெரிஞ்சது வீண் போகாது, ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, இத யாரும் சொல்லித்தரல, நானா முட்டி மோதி கண்டுபுடிச்சேன். சிக்குக் கோலம் கிளம்புன எடத்துக்கே வந்து மூடிக்கும். குவில்ட்ல கோடு மூடுச்சுன்னா மாட்டிக்கிட்டோம், நூலை வெட்டிட்டு வேற எடத்துல ஆரம்பிக்கணும், ஒவ்வொரு ஆரம்பத்துலயும் பாபின் நூல, அதான் கீழ்நூல, மேல இழுத்து, நாலஞ்சு பொடித் தையல் போட்டு முடிச்சு விழ வைக்கணும், பெரிய ரோதனை. அதனால இடது ஓரத்துல நுழைஞ்சு வலது ஓரத்துல வெளிய போற கோடா யோசிக்கணும். நடுவீட்டுக் கோலத்துல ஓரத்துக்கு இழை போட்டுக்கிட்டே போவோம்ல, அந்த மாதிரி. மெஷின்ல நிக்கிற நேரத்தவிட சிலேட்டுலயோ பழைய காலண்டர் பின்பக்கத்துலயோ கை எடுக்காம வரைஞ்சு பழகுங்க. கையத் தூக்காம ஒரு பக்கம் நிரப்ப வந்துருச்சுன்னா மெஷின்லயும் வந்துரும்.

மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா நூல் அறுந்து போகுது, அடியில பாத்தா கொசகொசன்னு கூடு கட்டியிருக்கு. நூல இறுக்குற டென்ஷன் திருகிய எந்தப் பக்கம் திருப்புறதுன்னே தெரியல, திருப்பித் திருப்பி இப்ப எங்க இருந்துச்சுன்னும் மறந்து போச்சு. எனக்குத்தான் டென்ஷன்.
– தேவகோட்டை வாசகி

திருகிய விட்டு மொதல்ல கைய எடுங்க. அது கடைசி.

மொதல்ல நூல முழுசா உருவிட்டுத் திரும்பக் கோத்து விடுங்க. அடியில கூடு கட்டுனா முக்காவாசி தடவை மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள்ள உக்காரல, வெளிய நழுவிக் கெடக்குதுன்னு அர்த்தம். தப்பு தெரியறது கீழ, காரணம் மேல, அதான் இதுல குழப்பம். நூலை ரெண்டு கையாலயும் புடிச்சு தட்டுகளுக்கு நடுவுல முன்ன பின்ன இழுத்து உள்ள உக்கார வைங்க.

ரெண்டாவது ஊசி. லாங்ஆர்ம் ஊசி நம்ம வீட்டு மெஷின் ஊசி இல்ல, பெரும்பாலும் மேல்தண்டு முழு உருண்டையா இருக்கும், வீட்டு ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்குமே அது இருக்காது, அதனால எப்படி வேணாலும் மாட்டிக்கும், தப்பாவும் மாட்டிக்கும். நீளமா ஓடுற பள்ளம் உங்களப் பாத்து, கண்ணுக்கு மேல சின்னதா வெட்டுன பள்ளம் பின்பக்கம். ஒரு மயிரிழை திரும்பியிருந்தாலும் நூல் பிசிறடிச்சு அறும். அளவு 16 இல்லாட்டி 18 போடுவாக, சாதா பருத்திக்கு 16 போதும், கனத்துக்கு 18. ஒரு குவில்ட்டுக்கு ஒரு ஊசி, முடிஞ்சதும் தூக்கிப் போடுங்க, ஊசியில சிக்கனம் புடிக்காதீக.

மூணாவது நூலு. இது கோவத்துல சொல்றேன், பிளவுஸ் தைக்கிற மலிவு நூல்கண்ட இதுல போடாதீக. இந்த மெஷின் நிமிஷத்துக்கு 1500, 1800 தையல் போடும், ஒவ்வொரு இன்ச் நூலும் ஊசிக்கண்ணுக்குள்ள பல தடவை போயிட்டு வந்துதான் துணிக்குள்ள நிக்கும். பிசிறு நூல் தாங்காது. பாலியெஸ்டர் 40ம் நம்பர் கோன் வாங்குங்க. நூல்ல நம்பர் கூடக் கூட மெலிசு, அது தலைகீழ், ஞாபகம் வச்சுக்கங்க.

இது மூணும் சரின்னா இப்ப பாபின். பாபின் கேஸ உள்ளங்கையில வச்சு நூல் நுனியப் புடிச்சு மேல தூக்குங்க. கேஸ் எந்திரிச்சு நிக்கணும், ஆனா கைய விட்டுப் போகக்கூடாது. அப்புறம் நூலோட தொங்க விட்டு லேசா ஒரு உதறு. ஒரு இன்ச் ரெண்டு இன்ச் எறங்கி நின்னா சரி, சிலந்தி எறங்குற மாதிரி. சரசரன்னு தரைக்குப் போச்சுன்னா லூசு, அசையவே இல்லன்னா இறுக்கம். கேஸ்ல இருக்குற சின்னத் திருகிய கடிகாரத்துல அஞ்சு நிமிஷ முள்ளு நகருற அளவுக்குத்தான் திருப்பணும். ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு மேல வச்சுத் திருப்புங்க, அந்தத் திருகி கழண்டு ஆத்தங்குடிக் கல்லு தரையில விழுந்துச்சுன்னா பூவேலைக்கு நடுவுல கண்டுபுடிக்க முடியாது. தரை முழுக்கத் தவழ்ந்து தேடியிருக்கேன், மருமக பூஜை பண்றேன்னு நெனச்சுட்டா.

பாபின் சரியா நின்ன பெறகு அதத் தொடாதீக, மிச்சமெல்லாம் மேல் டென்ஷன்லதான். கீழ்நூல் மேல புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா மேல இறுக்கம், லூசு பண்ணுங்க. அடிப்பக்கம் மேல்நூல் வளைஞ்சு வளைஞ்சு தெரியுது, இல்ல பாபின் நூல் கோடு போட்ட மாதிரி நேராப் படுத்திருக்கு, தையலுக்குள்ள போகலைன்னா மேல லூசு, இறுக்குங்க. வளைவுல மட்டும் கண்ணிமை மாதிரி நூல் ஒரு பக்கமா நீட்டிக்கிட்டு இருந்தா, கொஞ்சம் இறுக்கிட்டு வளைவுல வேகத்தையும் கொறைங்க. பக்கத்துல மிச்சம் விட்ட அந்த 4 இன்ச் இருக்கே, அதுல ஒரு சாண் ஓட்டி, போன் டார்ச்ச அடிச்சு அடியில குனிஞ்சு பாத்துட்டு அப்புறமா உள்ள போங்க. ஒவ்வொரு உருட்டுக்கும் பாருங்க. நான் ஒருக்கா சோம்பேறித்தனப்பட்டு முழுசும் ஓட்டிட்டுத் திருப்பிப் பாத்தேன், ரெண்டு அடிக்கு அடியில கூடு. பிரிக்க நாலு நாளாச்சு.

எங்க பெரிய வீட்டுல ஆளில்ல, எடம் நெறைய இருக்கு. தங்கச்சி அமெரிக்காவுலேருந்து தன்னோட மெஷின அனுப்புறேன்னுது. வளவுல போடலாமா? கரண்ட் ஒத்துக்குமா?
– கானாடுகாத்தான் வாசகர்

எடம் இருக்குன்னு சொல்றது நம்மூர்க்காரவுகளுக்கு மட்டும்தான் முடியும் அண்ணே, அமெரிக்காவுல கார் நிறுத்துற கொட்டகையில காரை வெளிய தள்ளிட்டு மெஷின வச்சிருக்காக. 12 அடி பிரேம்னா ரெண்டு பக்கமும் ஆள் போக ரெண்டு மூணு அடி, முன்னாலயும் பின்னாலயும் நிக்க எடம், எல்லாம் சேர்த்துப் பாருங்க.

வளவு தாழ்வாரத்துல போட்டேன் நானும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாகள்ல, எனக்கு நெசமாவே கூடம் கோணல். மெஷின் தலைய விட்டுட்டு நூல் எடுக்கத் திரும்புனா அது பாட்டுக்கு முற்றத்தப் பாத்து ஓடுது. மழைத்தண்ணி முற்றத்துக்கு வடியணும்னு கொத்தனார் அந்தக் காலத்துலேயே வாட்டம் குடுத்துல்ல கட்டியிருக்காரு. கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். ரசமட்டம் வச்சு பிரேம் கால்ல இருக்குற திருகிய ஏத்தி எறக்கி, தலைய நடுவுல விட்டா விட்ட எடத்துல நிக்கணும், அதுவரைக்கும் விடாதீக. முற்றத்து ஓரம் இன்னொரு காரணத்துக்கும் வேண்டாம், சாரல் அடிக்கும், புறா வரும். இப்ப நான் உள்பக்க அறைக்கு மாத்திட்டேன்.

கரண்டுக்கு, மெஷின்ல ஒட்டியிருக்குற தகட்டப் பாக்கச் சொல்லுங்க. 100லேருந்து 240 வோல்ட்னு போட்டிருந்தா பிளக்க மட்டும் மாத்துனாப் போதும். 120னு மட்டும் இருந்தா நம்ம 230ல நேரா மாட்டுனா போச்சு, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும், எத்தன வாட்டுன்னு பாத்து எலெக்ட்ரீசியன வச்சு வாங்குங்க. தையல் ஓடுறப்ப கரண்ட் போனா ஊசி துணிக்குள்ள மாட்டி நிக்கும், பதறி இழுக்காதீக, கைச்சக்கரத்தத் திருப்பி ஊசிய மேல எடுங்க. கொக்கி சுத்துற எடத்துல பஞ்சுத் தூசிய பிரஷ்ஷால தட்டிட்டு மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடணும். தேங்காண்ணெய் விட்ட ஒருத்தவுகள எனக்குத் தெரியும், அது பிசினாகி இறுகிப்போச்சு.

எங்க அப்பத்தாவோட பழைய கண்டாங்கிச் சீலை ஏழு இருக்கு. பீரோவுல வச்சு வச்சு மக்குறதுக்குப் பதிலா பேத்திகளுக்கு ஆளுக்கொரு குவில்ட் பண்ணலாம்னு ஆசை. வெட்டலாமா ஆச்சி?
– காரைக்குடி வாசகி

வெட்டலாம், ஆனா எல்லாத்தையும் வெட்டாதீக. ஒண்ண அப்படியே வைங்க. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்ச பெறகு புதுசு நல்லாவே கெடைக்குது, ஆனா உங்க அப்பத்தா கட்டுன பழசு மாதிரி வராது, அந்த அரக்கும் மஞ்சளும் எத்தன வெளுப்புல வெளுத்து அந்த நெறத்துக்கு வந்திருக்கும்.

வெட்டுறதுக்கு முன்னால ஒவ்வொரு சீலையையும் வெயில்ல ரெண்டு பேர் புடிச்சு நின்னு வெளிச்சத்துல பாருங்க. மடிச்சு மடிச்சு வச்ச கோட்டுலதான் இழை விட்டிருக்கும், கொசுவம் சொருகுற எடத்துலயும். அந்தப் பகுதிய ஒதுக்கிருங்க, இல்லாட்டி அடியில பியூசிங்னு சூட்டுல ஒட்டுற துணிய வச்சு இஸ்திரி போட்டுக்கங்க. பார்டர் கனமா இருக்கும், ஜரிகை கலந்திருந்தா இன்னும் மோசம், ஊசி டக்குன்னு ஒடியும், குவில்ட் நடுவுல அத வைக்காதீக. சாயத்துக்கு, வெள்ளைக் கைக்குட்டைய நனைச்சு அரக்கு நெறத்து மேல வச்சு இஸ்திரிப் பெட்டியால அழுத்துங்க, ஒட்டுச்சுன்னா சாயம் போகுதுன்னு அர்த்தம். உப்புத் தண்ணியில முக்குனா சாயம் நின்னுரும்னு சொல்லுவாக, நம்பாதீக, தண்ணி தெளியிற வரைக்கும் அலசுறது ஒண்ணுதான் வழி.

கண்டாங்கி புதுசா கத்துக்குறவுகளுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி. ஏன்னா கட்டம் இருக்குல்ல, கோடு வரைய வேண்டியதே இல்ல. கட்டத்தோட ஒரு மூலையிலேருந்து எதிர் மூலைக்கு சாய்வாக் கோடு, திரும்பி அடுத்த மூலைக்கு, அவ்வளவுதான், வைரம் வைரமா விழும். நேர்கோட்டுக்கு கால் இன்ச் கனமான அக்ரிலிக் ஸ்கேல் வச்சு ஓட்டணும், மெல்லிசு ஸ்கேல வச்சீகன்னா ஊசியச் சுத்தி இருக்குற பாதத்துக்கு அடியில போய் ஊசி அது மேல எறங்கும், ஊசி மட்டும் ஒடிஞ்சா அதிர்ஷ்டம், ஊசியும் கொக்கியும் ஒத்துப் போற மெஷின் டைமிங்கே கெட்டுப் போகலாம். ஊசிக்கும் அந்தப் பாதத்து ஓரத்துக்கும் நடுவுல பெரும்பாலும் கால் இன்ச் இருக்கும், அதனால கோட்டுல ஸ்கேல வைக்காம கால் இன்ச் தள்ளி வைக்கணும். மொத நாளு எல்லாருமே இத மறப்பாக.

அடித்துணிக்கும் சீலையவே போடுறதுன்னா ரெண்ட ஒட்டுனாத்தான் அகலம் வரும். கரைய வெட்டி எடுத்துட்டு ஒட்டுங்க, கரை நெருக்கமா நெய்ஞ்சது, மத்த துணி நெகிழுறப்ப அது நெகிழாது, சுருக்கும். ஒட்டுத் தையல் உருளைக்கு நீளவாக்குல படுத்து வரணும். நெட்டுக்குத்தா வந்தா ஒவ்வொரு சுத்துலயும் அந்தத் தையல் அதே எடத்துலயே ஏறி ஏறி நடு மட்டும் தடிச்சு, ரெண்டு பக்கமும் தொய்யும்.

கடையில விக்கிற பஞ்சுத் தகடுக்கு பதிலா வீட்டு இலவம்பஞ்ச பரப்பித் தைக்கலாமா?
– புதுவயல் வாசகி

வேண்டவே வேண்டாம். இலவம்பஞ்சு வழுக்கும், ஒண்ணோட ஒண்ணு பின்னிக்காது, ஊசி ஓட்டை வழியா வெளிய வரும், ஒரே துவையல்ல மூலைக்கு ஒதுங்கும். அது மெத்தைக்கும் தலகாணிக்கும். பருத்தித் தகடு கெடைக்கலைன்னா பழைய பருத்திச் சீலைய ரெண்டு மூணா அடுக்கி நடுவுல வைங்க, வங்காளத்துல காந்தான்னு அப்படித்தான் காலகாலமா தைக்கிறாக. பருத்தித் தகடு வாங்குனா மொத வெளுப்புல கொஞ்சம் சுருங்கும்கிறத மனசுல வச்சு அளவு எடுங்க.

காரைக்குடி வெயில்ல விசிறியே பத்தல. இதுல மூணு அடுக்குப் போர்வை யாருக்கு? வேலையத்த வேலை.
– பேர் போடாத வாசகர்

ஐயா, போர்த்த வேண்டாம், விரிங்க. எங்க வீட்டு ஊஞ்சல் பலகையில ஒண்ணு கெடக்கு, மத்தியானம் அதுல படுத்து எந்திரிக்க மனசில்லாம கெடக்குறது எங்க வீட்டு ஐயாதான்.

பேன்டோகிராப் பேப்பர் வச்சு ஓட்டுறதா, கைபோக்குல ஓட்டுறதா, எது சுலபம்? பழகிட்டா மத்தவுகளுக்குத் தச்சுக் குடுத்து சம்பாதிக்க முடியுமா?
– பலவான்குடி வாசகி

பேன்டோகிராப்னா மெஷினுக்குப் பின்பக்கம் நின்னு, மேசையில விரிச்ச பேப்பர்ல வரைஞ்சிருக்குற டிசைன லேசர் வெளிச்சத்தால தடம் புடிச்சுப் போறது. டிசைன் சுத்தமா வரும், ஆனா முன்னால துணியில என்ன நடக்குதுன்னு தெரியாது. நூல் அறுந்ததே தெரியாம ரெண்டு அடி வெறும் ஊசியோட ஓட்டிட்டுப் போயிருவோம். அதனால எல்லாரும் மொதல்ல அதச் சுலபம்பாக, நான் ஒத்துக்கமாட்டேன். ரெண்டு வாரம் முன்பக்கம் நின்னு கைபோக்குல ஓட்டுங்க, சத்தத்த வச்சே தையல் விழுதா இல்லையான்னு காதுக்குத் தெரிஞ்சுரும், அப்புறம் பின்னால போங்க. ஸ்டிச் ரெகுலேட்டர் இருந்தா போட்டுக்கங்க, கை வேகமாப் போனா மெஷினும் வேகமாத் தைக்கும், மெதுவாப் போனா மெதுவா, இன்ச்சுக்கு 10 தையல்னு வச்சா 10தான். அது இல்லாம பழகுனாத்தான் கை வரும்னு சில பேரு சொல்றாக, அந்த வீம்பு நமக்கு எதுக்கு.

சம்பாதிக்கிறதப் பத்தி. அமெரிக்காவுல சதுர இன்ச் கணக்குல வாங்குறாக. 60க்கு 80ன்னா 4800 சதுர இன்ச், இன்ச்சுக்கு 2 சென்ட்னு போட்டா 96 டாலர், நூல், பஞ்சு தனி. இங்க அந்தக் கணக்கு ஓடாது. மெஷின் விலை ஒரு காரு விலை, மேல சுங்கம் வேற. தொழிலுக்குன்னு கடன் வாங்கி மெஷின் எறக்காதீக, முதல்ல மேல்துணி தச்சு விக்கிற ஆளுக நம்ம பக்கம் எத்தன பேருன்னு எண்ணிப் பாருங்க. எண்ண ஒரு கை விரல் போதும் இப்போதைக்கு.

ஆச்சி, உங்க மெஷின்ல ஒருக்கா ஓட்டிப் பாக்க வரலாமா?
– அரியக்குடியிலேருந்து ரெண்டு அக்கா தங்கச்சி

வாங்க ஆத்தா. ரெண்டு மீட்டர் காடாத்துணி மேலுக்கு, அடிக்கு அதவிட 8 இன்ச் கூட. துப்பட்டாவப் பின்னால கட்டிக்கங்க, கண்ணாடி வளையலக் கழட்டி வச்சுட்டு வாங்க, கைப்புடியில தட்டி ஒடஞ்சு சில்லு துணிக்குள்ள போயிட்டா எடுக்க முடியாது. சீப்புச் சீடை கொண்டு வந்தா சந்தோஷம், ஆனா அடுப்படியிலேயே வச்சுத் தின்னு கையக் கழுவிட்டுத்தான் மெஷின் பக்கம் வரணும்.